கேம்பர் வேனின் துணைப் பேட்டரி: மின்சாரத்தின் வரவும் செலவும்

ஒரு வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் சிறு சமையல் மேடையும் அமைத்து, ஊர் ஊராகப் போய்த் தங்கும் ஆசை இப்போது நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. அந்த ஆசையோடு ஒரு பொருள்பட்டியலும் வருகிறது: குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி, இன்வெர்ட்டர், கூரைமேல் சோலார் பேனல், முடிந்தால் ஒரு ஏ.சி. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல பொருள்தான். ஆனால் இவை அனைத்தும் ஒரே பேட்டரியைத்தான் நம்பி நிற்கின்றன என்பதும், அந்தப் பேட்டரியில் உண்மையில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. "மேலே ஒரு பேனல் போட்டுவிட்டால் கரண்டுக்குக் கவலையே இல்லை" என்ற பேச்சை நம்பி வேனைக் கட்டிவிட்டு, முதல் பயணத்தின் இரண்டாம் நாள் காலையிலேயே பால் கெட்டுப்போய், கைப்பேசிகள் அணைந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாங்கிய பொருள்களில் பழுது ஏதுமில்லை. யாரும் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன். மின்னியல் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மின்கட்டண அட்டையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

வண்டியில் ஏற்கெனவே பேட்டரி இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது. சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டாருக்கு ஓரிரு நொடிகள் மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். அதைக் கொடுப்பதற்காக வண்டிப் பேட்டரியின் உள்ளே மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய அடுக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்நேட்டர், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கும் கருவி, செலவானதை உடனே நிரப்பிவிடும். ஆகவே அந்தப் பேட்டரி தன் வாழ்நாளில் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும்.

கபடியில் பாடிப் போகிறவரையும் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னவருக்கு வேண்டியது முப்பது நொடி வேகம். பின்னவருக்கு வேண்டியது நாள்கணக்கில் நடக்கும் பொறுமை. இரவு முழுவதும் விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் ஓட்டுவது பாதயாத்திரை. அந்த வேலையை வண்டிப் பேட்டரியிடம் கொடுத்தால், அது ஆழமாகக் காலியாகி, தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, சில தடவைகளிலேயே பலம் இழந்துவிடும். அதைவிட உடனடியான தொல்லை, காலையில் வண்டியே கிளம்பாது. காட்டோரம் தங்கியிருக்கும்போது இது வெறும் தொல்லையாக நிற்காது, ஆபத்தாகவும் முடியலாம்.

எனவேதான் வசிப்பிடத் தேவைகளுக்கென்று தனியே இரண்டாவது பேட்டரி ஒன்று வைக்கப்படுகிறது. இதைத் துணைப் பேட்டரி என்று இக்கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன். எஞ்சின் ஓடாதபோது இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே தொடர்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இதன் முதல் விதி. தொடர்பு இருந்தால் இரண்டும் சேர்ந்தே காலியாகும். இரண்டாவது பேட்டரி வைத்ததன் நோக்கமே போய்விடும்.

ஆம்பியர்-மணியை யூனிட்டாக மாற்றிப் பாருங்கள்

பேட்டரி விற்கும் கடையில் "நூறு ஏ.ஹெச்., நூற்றைம்பது ஏ.ஹெச்." என்பார்கள். ஆம்பியர்-மணி என்பதன் சுருக்கம் அது. இந்த எண் பெரியதாகத் தோன்றுவதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தத்தோடு குழாயில் தண்ணீர் வரும். மின்சாரத்தில் அந்த அழுத்தத்தின் பெயர் வோல்ட். ஒரு நேரத்தில் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து செய்யும் வேலையின் வேகம் வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். அந்த வேலை எவ்வளவு நேரம் நடந்தது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது ஒரு யூனிட். மின்கட்டண அட்டையில் நாம் காண்பது இதே யூனிட்தான்.

இப்போது அந்த நூறு ஆம்பியர்-மணிப் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதன் அழுத்தம் 12 வோல்ட். நூறைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,200 வாட்-மணி, அதாவது 1.2 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரப்படுகிறது. அதை நாளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 1.7 யூனிட் வரும். நாம் கணக்கிலேயே எடுக்காத அந்த இலவசப் பங்கைவிடக் குறைவான மின்சாரம்தான், பெரும் பணம் கொடுத்து வாங்கித் தூக்கிவந்த பேட்டரிக்குள் இருக்கிறது. இந்த அளவு மனத்தில் பதிந்துவிட்டால், மற்ற எல்லா முடிவுகளும் தாமாகவே சரியான வழிக்கு வரும்.

சுருக்கமாக: ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி வாட்-மணியாக்குங்கள். பேட்டரியின் கொள்ளளவு, பொருள்களின் செலவு, பேனலின் வரவு ஆகிய மூன்றையும் அந்த ஒரே அலகில் எழுதினால்தான் ஒப்பிட முடியும்.

ஒரு நாளின் செலவு

இரண்டு பேர் தங்கும் வேன் ஒன்றின் ஒரு நாளை எழுதிப் பார்ப்போம். கேம்பர் வேன்களுக்கென்று 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் கம்ப்ரஸர் குளிர்பதனப் பெட்டிகள் வருகின்றன. சிறியது ஒன்று ஓடும்போது சுமார் 45 வாட் எடுக்கும். அது விட்டுவிட்டு ஓடும்; நம் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று கொண்டால் 540 வாட்-மணி. 25 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 250. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரம் எரிந்தால் 80. இரண்டு கைப்பேசிகளும் ஒரு மடிக்கணினியும் ஒரு முறை சார்ஜ் ஆக 90. தண்ணீர்ப் பம்பு மொத்தமாகப் பத்து நிமிடம்தான் ஓடும் என்பதால் அதற்கு 10. கூட்டினால் 970, ஒரு யூனிட்டை ஒட்டி வருகிறது.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் விளக்குகள் மிகக் குறைவாகவே செலவு செய்கின்றன. பாதிக்கு மேல் எடுப்பது, மூலையில் சத்தமில்லாமல் இருக்கும் குளிர்பதனப் பெட்டி. ஆகவே விளக்கை அணைத்துச் சிக்கனம் பிடிப்பதைவிட, வேனை நிழலில் நிறுத்துவதும், பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடம் விடுவதும், சூடான பாத்திரத்தை உள்ளே வைக்காமல் இருப்பதும் பல மடங்கு பயன் தரும்.

சூடாக்கும் பொருள்களின் கதையே வேறு. இண்டக்ஷன் அடுப்பு 1,500 வாட்டில் இருபது நிமிடம் எரிந்தால் 500 வாட்-மணி போய்விடும். ஒரு வேளைச் சமையலுக்கு பேட்டரியில் பாதி. கூரை ஏ.சி. இரவு முழுவதும் சராசரியாக 600 வாட் எடுப்பதாகக் கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு 4,800 வாட்-மணி வேண்டும். நூறு ஆம்பியர்-மணிப் பேட்டரிகள் நான்கு அதற்கே போதாது. சமையலுக்கு எரிவாயு அடுப்பும், தூங்குவதற்குக் கூரைக் காற்றுப்போக்கி விசிறியும் பொருத்தமானவை என்பது என் கருத்து. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும் என்பதால், தரைமட்டத்தில் காற்றுத் துளையும் கசிவு எச்சரிக்கைக் கருவியும் அவசியம்.

எந்த வகைப் பேட்டரி?

நம் வீடுகளில் மின்வெட்டுக் காலத்திலிருந்தே குடியேறிவிட்ட டியூபுலர் பேட்டரியை வேனுக்கும் வைக்கலாமே என்று முதலில் தோன்றும். அது ஆழமாகக் காலியாவதைத் தாங்கும் பேட்டரிதான், விலையும் குறைவு. ஆனால் அதற்குள் திரவ அமிலம் இருக்கிறது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், எடையோ ஐம்பது கிலோவைத் தாண்டும். மேடுபள்ளத்தில் குலுங்கும் வண்டிக்குள், நாம் படுத்துறங்கும் அறையிலேயே அதை வைப்பது சரியன்று.

ஈய வகையில் வேனுக்கு ஏற்றது ஏ.ஜி.எம். எனப்படும் மூடப்பட்ட பேட்டரி. இதில் அமிலம் கண்ணாடியிழைப் பாய்களில் உறிஞ்சப்பட்டிருப்பதால் சிந்தாது. ஆயினும் எந்த ஈயப் பேட்டரியையும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் விரைவாகக் குறையும். எனவே 1,200 வாட்-மணி என்று எழுதியிருப்பதில் நமக்குக் கிடைப்பது 600 மட்டுமே. மேலே கண்ட ஒரு நாள் செலவுக்கே அது போதாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை பயன்படுத்தலாம். அதன் பெயரளவு அழுத்தம் 12.8 வோல்ட் என்பதால் நூறு ஆம்பியர்-மணிக்கு 1,280 வாட்-மணி. கைக்கு வருவது 1,100 அளவில். எடை ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ. அதே அளவு ஏ.ஜி.எம். முப்பது கிலோ. நிரப்பிக் காலியாக்கும் சுழற்சியை ஈயப் பேட்டரி சில நூறு முறைகளே தாங்கும். இது ஆயிரக்கணக்கில் தாங்கும். லித்தியம் என்றதும் தீப்பிடிக்கும் என்று அஞ்சுகிறவர்கள், கைப்பேசிகளில் உள்ள லித்தியம் வகையும் இதுவும் வேதியியலில் வேறு என்பதை அறிய வேண்டும். இரும்பு பாஸ்பேட் சூட்டைத் தாங்கி நிலைத்திருக்கும் சேர்மம். தவிரவும், அளவு மீறிய ஏற்றத்தையும் இறக்கத்தையும் துண்டிக்கும் மேலாண்மைச் சுற்று உள்ளேயே இருக்கும். அதற்கு ஆகாதது உறைகுளிர்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பாழாகும். லடாக், ஸ்பிதி பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இந்த வகையில் இன்னொரு தனித்தன்மை உண்டு. சமையல் எரிவாயு உருளையில் பாதி தீர்ந்தாலும் அடுப்புச் சுடர் குறைவதில்லை. கடைசிவரை ஒரே சீராக எரிந்து திடீரென நிற்கும். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது என்பதே காரணம். இந்த லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட் அருகிலேயே நிற்கும், எனவே வோல்ட் காட்டும் கருவியைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் வீட்டு மீட்டரைப் போல எண்ணிக்கொண்டே இருக்கும் பேட்டரி மானிட்டர் என்ற சிறு கருவி அதற்காகவே இருக்கிறது. பட்டியலில் பலரும் கடைசியில் தள்ளிவிடும் இதைத்தான் நான் முதலில் வாங்கச் சொல்வேன்.

சுருக்கமாக: பேட்டரியில் எழுதியிருப்பது வேறு, எடுக்கக்கூடியது வேறு. ஈயத்தில் பாதி, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல்.

வரவு: கூரையும் எஞ்சினும்

சோலார் பேனலின் மேல் எழுதப்பட்ட வாட், ஒரு சோதனைச் சாலை எண். ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி நேராக விழ, பேனலின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது கிடைக்கும் அளவு அது. நம் வெயிலில் கூரைமேல் கிடக்கும் பேனல் எளிதாக 60 டிகிரியைத் தொடும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக உற்பத்தி சரியும். வெயில் ஏற ஏறப் பேனல் திணறும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒளிதான் அதற்கு உணவு, சூடு அதற்குப் பகை. பேனலைக் கூரையோடு ஒட்டாமல் சில அங்குலம் உயர்த்திப் பொருத்தச் சொல்வது இதனால்தான்.

பகல் பன்னிரண்டு மணி நேரம் என்றாலும், காலை மாலைச் சாய்வு ஒளியையெல்லாம் சேர்த்து முழு வெயிலாக மாற்றிக் கணக்கிட்டால் தமிழ்நாட்டில் சராசரியாக ஐந்து மணி நேரமே தேறும். 200 வாட் பேனலுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 1,000; சூடு, தூசு, படுக்கை நிலை, கேபிள் இழப்பு எல்லாம் போக எழுபது விழுக்காடு, அதாவது 700 வாட்-மணி. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் இதிலும் ஒரு சிறு பகுதிதான். 200 வாட்டுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் கூரை வேண்டும். முன்பு சொன்ன ஏ.சி.யை வெயிலைக் கொண்டே ஓட்ட ஏழு சதுர மீட்டர் பேனல் தேவை. சிறிய வேனின் கூரையில் அவ்வளவு இடமே இராது.

நிழலைப் பற்றியும் ஒரு சொல். பேனலின் உள்ளே செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முழுக் குழாயிலும் ஓட்டம் குறைவதைப் போல, ஒரு செல்மேல் விழும் நிழல் அந்தச் செல்வரிசை முழுவதையும் பாதிக்கும். கூரையிலுள்ள கம்பியின் மெல்லிய நிழல்கூட அதன் பரப்பைவிடப் பல மடங்கு இழப்பைத் தரும். ஆகவே புளியமரத்தடியில் வண்டியைக் குளிர்ச்சியாக நிறுத்துவதும் பேனலுக்கு வெயில் கொடுப்பதும் ஒன்றாக நடக்காது. நாள்தோறும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கட்டுப்படுத்தி வேண்டும். மலிவான பி.டபிள்யு.எம். வகை, பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும்; 18 வோல்ட்டில் 11 ஆம்பியர் தரவேண்டிய பேனல் 13 வோல்ட்டில் அதே 11 ஆம்பியர் தரும், மீதம் வீண். எம்.பி.பி.டி. வகை மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். கூரையில் இடம் குறைவாக இருப்பதால் வேனுக்கு இரண்டாவதுதான் தகும். இந்தியாவில் பதிவான வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதால், கூரையைத் துளைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை பேசப்படும் சோலாரைவிட மௌனமாக அதிகம் உழைக்கக்கூடியது எஞ்சின். டி.சி.-டி.சி. சார்ஜர் என்பது ஆல்டர்நேட்டரிலிருந்து வரும் மின்சாரத்தை அளவோடு எடுத்து, துணைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றித் தரும் பெட்டி. 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 390 வாட்-மணி ஏற்றும். சென்னையிலிருந்து விழுப்புரம் போய்ச் சேரும் மூன்று மணி நேரத்தில் 1,100க்கு மேல். காலியான லித்தியம் பேட்டரி நிறைந்துவிடும். 200 வாட் பேனல் இதைச் செய்ய ஒன்றரை நாள் ஆகும். இரண்டு பேட்டரிகளையும் வெறும் ரிலே, அதாவது தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச், ஒன்றால் இணைக்கும் பழைய முறை இன்று பொருந்தாது: புதிய வண்டிகளில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்நேட்டரின் வோல்ட் அடிக்கடி குறைக்கப்படுகிறது, லித்தியமோ கிடைப்பதையெல்லாம் ஒரேயடியாக இழுத்து ஆல்டர்நேட்டரையே சூடாக்கிவிடும்.

சுருக்கமாக: தினமும் ஓட்டுகிறவருக்கு டி.சி.-டி.சி. சார்ஜர் முதன்மை, பேனல் துணை. ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்குகிறவருக்கு இது தலைகீழாகும். தங்குமிடத்தில் 230 வோல்ட் இணைப்பு கிடைத்தால் அதிலிருந்தும் ஏற்றலாம். அப்போது 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் வேனுக்குள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை

12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வீட்டுப் பொருள்களுக்கு வேண்டிய 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றுவது மட்டுமே இன்வெர்ட்டரின் வேலை. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் கூடுதல் நேரம் ஓடும் என்பது தவறு. அது பேட்டரியை இன்னும் வேகமாகக் காலிசெய்ய வழிதான் தருகிறது. எந்தப் பொருளும் இணைக்கப்படாமல் சும்மா இருக்கும்போதே 15 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர், ஒரு நாள் முழுவதும் அணைக்கப்படாவிட்டால் 360 வாட்-மணியைத் தின்றுவிடும். விசிறி, விளக்கு, குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் வடிவம் கிடைப்பதால், இன்வெர்ட்டர் மிக்ஸி போன்ற ஓரிரு பொருள்களுக்கு மட்டும், தேவையான நிமிடங்களுக்கு மட்டும் இருந்தால் போதும்.

கேபிளும் ஃபியூஸும்

தொட்டி உவமைக்குத் திரும்புவோம். வீட்டின் 230 வோல்ட் மாடிமேல் இருக்கும் தொட்டி. வேனின் 12 வோல்ட் முக்காலிமேல் இருக்கும் தொட்டி. அதே தண்ணீரை அதே நேரத்தில் பெற வேண்டுமானால் முக்காலித் தொட்டிக்குப் பருத்த குழாய் வேண்டும். 1,000 வாட் பொருள் வீட்டில் நான்கரை ஆம்பியர்கூட எடுக்காது. வேனில், இழப்பையும் சேர்த்து, தொண்ணூறு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். வீட்டு ஒயரிங் நன்றாகத் தெரிந்த எலக்ட்ரீஷியன்கூட வேனில் சறுக்குவது இங்கேதான். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஐந்து மீட்டர் தூரத்துக்குப் பத்து ஆம்பியர் போய்த் திரும்பினால் 0.7 வோல்ட் வழியிலேயே குறையும். 230இல் அது ஒன்றுமில்லை. 12இல் ஆறு விழுக்காடு. குளிர்பதனப் பெட்டி சரியாகக் குளிராததற்கும், பேட்டரி நிறைந்திருந்தும் அது நின்றுவிடுவதற்கும் பல நேரங்களில் மெல்லிய ஒயரே காரணம்.

12 வோல்ட் உடம்பைத் தாக்காது என்பதால் அதில் ஆபத்தே இல்லை என்று நினைப்பது, இந்தத் துறையில் நான் கண்ட தவறான எண்ணங்களில் மிகக் கொடியது. தொட்டால் அதிர்ச்சி தராது என்பது உண்மை. ஆனால் குலுக்கலில் ஒரு ஒயரின் உறை தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே கொட்டும். ஒயர் சில நொடிகளில் செந்தணலாகிப் பக்கத்திலுள்ள மெத்தையையும் மரப்பலகையையும் பற்றவைக்கும். அதைத் தடுப்பது ஃபியூஸ் ஒன்றுதான். அது காப்பது பொருளை அன்று, ஒயரை. எனவே அதன் அளவை ஒயர் தாங்கும் ஆம்பியரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரியதை மாட்டினால், ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும்.

அதன் இடமும் முக்கியம். பலர் அதைப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நீளம் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்தச் சாண் ஒயருக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால், அதைத் தனிக் குழாயுறையில் இட்டு, அசையாதபடி இறுக்கிக் கட்டி, கூரிய விளிம்பு எதையும் தொடாமல் கொண்டுபோக வேண்டும்.